கருணைக்குக் கல்வி தந்தவர்

தொண்டு செய்ய இரக்கம் போதாதா, படிப்பும் வேண்டுமா? இக்கேள்விக்குத் தம் வாழ்வாலேயே விடையளித்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ்.

1909-இல் உதகையில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். 1935-இல் கணவரை இழந்தார். துயரில் முடங்காமல் தொண்டில் இறங்கினார். உலகப் போரின்போது, 1942-இல், படைவீரர்களுக்கென விருந்தோம்பல் குழு அமைத்தார். 1952-இல் சென்னை சமூகப் பணிக் கல்லூரியை நிறுவினார்.

மருத்துவர் நோயைத் தீர்ப்பார். வழக்கறிஞர் உரிமைக்கு வாதாடுவார். உளவியலார் மனத்தை ஆராய்வார். நோயாளி வீடு திரும்பியபின் அங்கே அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பவரே சமூகப் பணியாளர். அதற்கும் முறையான பயிற்சி தேவை.

1956-இல் சென்னை ஷெரீப் ஆனார். 1975-இல் பத்ம விபூஷண் பெற்று, அவ்வாண்டே மறைந்தார்.

நண்பர்களே! பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலில் மழை பொய்த்த ஓர் ஆண்டில் என் தோழன் படிப்பை விட்டுத் தீப்பெட்டி வேலைக்குப் போனான். அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசப் பயிற்சி பெற்ற ஒருவர் வந்திருந்தால், இன்று வகுப்பில் என்னருகே அவனும் அமர்ந்திருப்பான்.