ரூ.250 சம்பளத்தில் முளைத்த தொழிற்சாலை

புது தில்லி: பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் உபரி நிலங்களை விற்றுக் கடன்களை அடைப்பது, அதன் பின்னர் நிறுவனத்தையே தனியாருக்கு விற்பது என்று 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை தீர்மானித்தது. ஊழியர் சங்கங்கள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடின. நீண்டகாலம் நஷ்டத்தில் தத்தளித்த அந்தப் பொதுத்துறை நிறுவனம், 2016-17ஆம் நிதியாண்டில் லாபம் கண்டு பலரையும் வியக்க வைத்தது.

விலை பேசப்பட்ட இந்த நிறுவனம், 1892-ல் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வாடகை வீட்டில் பிறந்தது. அவர் தம் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கியவர் அல்லர். தொழில் வளர்ந்த பிறகும் வேலையை விட்டவர் அல்லர். பகலில் வகுப்பு, மாலையில் மருந்துத் தயாரிப்பு என்று இரு நுகத்தடிகளை ஒரே தோளில் சுமந்தவர். அவர்தான் ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ராய்.

ஓராண்டுக் காத்திருப்பு

அன்றைய ஜெஸ்ஸோர் மாவட்டத்தைச் சேர்ந்த ராருலி கிராமத்தில் 1861 ஆகஸ்ட் 2-ல் பிறந்தார் ராய். இந்தக் கிராமம் இன்று வங்கதேசத்தில் உள்ளது. தந்தை ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். கல்வியில் நாட்டம் கொண்டவர். எனினும், குடும்பத்தின் சொத்து ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து கடன் வளர்ந்துகொண்டிருந்தது. கில்கிறிஸ்ட் உதவித்தொகை கிடைத்ததால்தான் 1882-ல் ராயால் எடின்பரோவுக்குக் கப்பலேற முடிந்தது. அங்கு 1887-ல் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்று, 1888-ல் தாயகம் திரும்பினார்.

பட்டம் இருந்தது, வேலை இல்லை. உயர் கல்விப் பணியிடங்கள் இங்கிலாந்தில் நியமிக்கப்பட்டு வருவோருக்கே பெரிதும் ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தார். அந்நாள்களில் அவருக்குத் தம் வீட்டில் இடம் தந்து ஆதரித்தவர் விஞ்ஞானி ஜெகதீச சந்திர போஸ். இறுதியில் 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது. அதுவும் தாற்காலிகம். மாதச் சம்பளம் ரூ.250.

இதே தகுதியுள்ள ஆங்கிலேயர் ஒருவர் இதைவிடக் கூடுதல் ஊதியம் பெற்றிருப்பார். இந்தப் பாகுபாட்டை வங்காளத்தின் கல்வித் துறைத் தலைவரிடமே ராய் முறையிட்டார். தம் தகுதியை அவ்வளவு உயர்வாக எண்ணுபவருக்கு வேறு தொழில்கள் இல்லையா, இந்த வேலையை ஏற்குமாறு எவரும் கட்டாயப்படுத்தவில்லையே என்ற பொருளில் பதில் வந்தது. ராய் அந்த அவமதிப்பை விழுங்கிக்கொண்டு வேலையை ஏற்றார். வேறு தொழில் என்ற சொல்லை மட்டும் அவர் மறக்கவில்லை.

மூலதனம் ரூ.700

பட்டம் பெற்ற இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்கும் வக்கீல் தொழிலுக்கும் முண்டியடிப்பதைக் கண்டு வருந்தியவர் ராய். வாணிபமும் தொழிலும் பிறர் கையில் இருக்க, படித்த வங்காளி விண்ணப்பத்தோடு அலுவலக வாசலில் நிற்கிறான் என்பது அவர் வாழ்நாள் முழுதும் எழுதியும் பேசியும் வந்த குறை. மருந்துகளும் ரசாயனங்களும் கப்பலில்தான் வந்து இறங்கின. அவற்றுக்கான மூலப்பொருள்களோ உள்நாட்டிலேயே கிடைத்தன.

1892-ல் அப்பர் சர்க்குலர் சாலை 91ஆம் எண் வீட்டில் பெங்கால் கெமிக்கல் தொடங்கியது. மூலதனம் ரூ.700, அதாவது அவருடைய மூன்று மாதச் சம்பளத்துக்கும் குறைவு. குடும்பக் கடனுக்குச் செலுத்த வேண்டிய பணம் ஒருபுறம் போக, மிச்சம் பிடித்ததே அத்தொகை.

இறைச்சிக் கடைகளிலிருந்து மாட்டெலும்புகளை வாங்கி மொட்டை மாடியில் காய வைத்தார். எரித்த எலும்புச் சாம்பலைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துப் பக்குவப்படுத்தினால் பாஸ்பேட் உப்புகள் கிடைக்கும். பாடத்தில் அது எளிது. மாடியிலோ காகங்கள் எலும்புகளைக் கொத்திச் சென்று அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டன. அண்டை வீட்டார் கொதித்தெழ, அந்த வேலையை வேறிடத்துக்கு மாற்ற நேர்ந்தது.

கல்லூரி முடிந்து மாலையில் வீடு திரும்பியதும் அடுத்த வேலை தொடங்கிவிடும். வந்திருக்கும் ஆர்டர்களைப் பார்ப்பது, மருந்து காய்ச்சுவது, பாட்டில்களில் அடைப்பது எல்லாமே அவர் கண்முன் நடந்தன. வகுப்பின் களைப்புக்குத் தொழிலே அவருக்கு ஓய்வாக இருந்தது. ஆனால், உள்நாட்டு மருந்தை வாங்கக் கடைக்காரர்கள் தயங்கினர். சீமைச் சரக்குக்கே மதிப்பு. அந்தச் சுவரை உடைக்க உதவியவர் நண்பர் டாக்டர் அமூல்ய சரண் போஸ். மருத்துவராக இருந்த அவர், சக மருத்துவர்களிடம் சொல்லிச் சொல்லி இந்த மருந்துகளை எழுத வைத்தார். ஆடாதோடை, நிலவேம்பு, குடசப்பாலை, ஓமம் முதலிய நாட்டு மூலிகைகளின் சாறுகள் நவீன முறையில் பாட்டில்களில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன.

துன்பமும் தொடர்ந்தது. தொழிலில் துணை நின்ற இளம் வேதியியலாளர் சதீஷ் சந்திர சின்ஹா ஆய்வுக்கூடத்தில் நச்சு அமிலத்துக்குப் பலியானார். 1898-ல் பிளேக் நோய் அமூல்ய சரண் போஸையும் கொண்டு சென்றது. இரு தூண்களும் சாய்ந்த நிலையில், முழுச் சுமையும் ராயின் மீது விழுந்தது.

கைவிடாத வகுப்பறை

வேறொருவராக இருந்தால், பாகுபாடு காட்டிய அரசு வேலையை உதறிவிட்டுத் தொழிலில் இறங்கியிருப்பார். அல்லது தொழிலை மூடிவிட்டு வேலையோடு ஒடுங்கியிருப்பார். ராய் இரண்டையும் செய்யவில்லை. அதற்குக் காரணம் வெறும் பாதுகாப்பு உணர்வு அன்று.

மாதந்தோறும் வந்த சம்பளம், தொழிலின் லாபத்தை எதிர்பார்த்து வாழ வேண்டிய நெருக்கடியிலிருந்து அவரை விடுவித்தது. லாபத்துக்காகத் தரத்தைக் குறைக்க வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. கல்லூரிதான் அவருக்கு ஆய்வையும் தந்தது. மெர்குரஸ் நைட்ரைட் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு, பெங்கால் கெமிக்கல் தத்தித் தத்தி நடந்த 1895-96ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. பண்டை இந்திய வேதியியலின் வரலாற்றை எழுதி, அதன் முதல் தொகுதியை 1902-ல் வெளியிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர்களைத் தந்தது அந்த வகுப்பறையே. மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ், ஞான் சந்திர கோஷ் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். அவருடைய மாணவர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா பெங்கால் கெமிக்கலின் நிர்வாகத்துக்கே தோள் கொடுத்தார்.

வேலை தேடி அலையாதீர்கள் என்று இளைஞர்களுக்கு உபதேசித்தவர், தாமே 27 ஆண்டுகள் அரசு வேலையில் இருந்தது முரண் அல்லவா என்ற கேள்வி எழக்கூடும். அவர் சாடியது உழைப்பை அன்று. மேசைக்கு அப்பால் எதையும் எண்ணிப் பாராத மனநிலையைத்தான். ஆயினும், இந்த முரணில் ஓர் உண்மை இருக்கிறது. அந்தச் சம்பளம் இல்லாமல் அந்தத் தொழிற்சாலை இல்லை. இன்றைய மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், முன் அனுமதியின்றி அரசு ஊழியர் தனியே தொழில் நடத்துவதைத் தடை செய்கின்றன. தன்னலத்துக்கான வாணிபம் பதவியைக் கறைப்படுத்தும் என்ற அச்சமே அத்தகைய விதிகளுக்கு அடிப்படை. ராயின் வாழ்க்கை அந்த அச்சத்துக்கு இடம் தரவில்லை.

ரூ.800-ல் ரூ.40

1901-ல் பெங்கால் கெமிக்கல் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. 1905-ல் மாணிக்தலாவில் ஆலை எழுந்தது. சுதேசி இயக்கம் வீறுகொண்ட அதே ஆண்டில், மேடைப் பேச்சுக்கு எடுத்துக்காட்டாக ஓர் உண்மையான ஆலை நின்றது. எழுத்தாளர் ராஜசேகர் பாசு 1903-ல் அங்கு வேதியியலாளராகச் சேர்ந்து நிர்வாகியாக உயர்ந்தார். இவரும் பகலில் ஆலைப் பணி, மற்ற நேரத்தில் இலக்கியம் என்று வாழ்ந்தவரே. 1920-ல் பாணிஹாட்டியில் இரண்டாவது ஆலை வந்தது.

நிறுவனம் வளர்ந்தபோதும் ராயின் வாழ்க்கை மாறவில்லை. 1902 தொடக்கத்தில் கல்கத்தாவில் கோகலேயின் விருந்தினராகத் தங்கியிருந்த காந்திஜிக்கு, பக்கத்திலேயே குடியிருந்த ராய் அறிமுகமானார். மாதம் ரூ.800 ஊதியம் பெறும் இந்தப் பேராசிரியர், ரூ.40-ஐ மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பொதுப் பணிகளுக்குத் தந்துவிடுகிறார் என்று கோகலே சொன்னதைக் காந்திஜி தம் சுயசரிதையில் பதிந்துள்ளார். ராய் மணம் செய்துகொள்ளவில்லை.

1916-ல் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியின் பாலித் பேராசிரியரானார். 1921-ல் அறுபது வயது நிறைந்தபின், தம் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே திருப்பித் தந்தார். 1922-ல் வட வங்காளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது நிவாரணக் குழுவுக்குத் தலைமை ஏற்று, அறிவியல் கல்லூரியையே அதன் பாசறையாக்கினார். இளைஞர் சுபாஷ் சந்திர போஸ் களத்தில் பணியாற்றினார். 1919-ல் சர் பட்டம் பெற்ற அவர், பின்னாளில் கதருக்காக ஊர் ஊராகச் சென்றார்.

1936 வரை ஆசிரியராகவே இருந்தார். அறிவியல் கல்லூரியின் ஓர் அறையே அவர் இல்லம். 1944 ஜூன் 16-ல் அதே அறையில் அவர் உயிர் பிரிந்தது.

அவருடைய தொழிற்சாலை சுதந்திர இந்தியாவில் நலிவுற்று, 1977-ல் மத்திய அரசின் நிர்வாகத்துக்கு வந்து, 1980-ல் நாட்டுடைமையானது. அதன் விலையை மதிப்பிடும் கோப்புகளில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் கணக்கு உண்டு. கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாதாமாதம் மிச்சம் பிடித்த ரூபாய்க்கும், வகுப்பு முடிந்த பின் அவர் தந்த மாலைப் பொழுதுகளுக்கும் அக்கோப்புகளில் பத்தி இல்லை.