வர்க்கலைக் குன்றைக் குடைந்த திவான்

திருவனந்தபுரம் செக்ரடேரியட்டை நெருங்கும்போது பஸ் கண்டக்டர் ஸ்டாச்சு, ஸ்டாச்சு என்று கூவுகிறார். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஏறி இறங்குகிறார்கள். யாருடைய சிலை அது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். கும்பகோணத்தில் 1828-ல் பிறந்து, முப்பது வயதுக்குள் திருவிதாங்கூரின் திவானான சர் டி. மாதவராவின் சிலை அது.

தஞ்சை மராட்டியர் குடும்பம். திவான் பதவி அந்த வீட்டுக்குப் புதிதல்ல. தந்தை ரங்கராவும், தந்தையின் சகோதரர் வெங்கட்டராவும் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர்கள். ராணி கௌரி பார்வதிபாய் ஆட்சியில், வெங்கட்டராவ் திவானாக இருந்த காலத்தில் வெட்டப்பட்டதுதான் பார்வதி புத்தனார் கால்வாய். தலைநகரிலிருந்து வடக்கே கடினங்குளம் காயல் வரை கடலோரமாகவே அது செல்கிறது.

ரயில் இல்லாத அந்நாளில் வடக்கே போக வேண்டுமானால் படகுதான் சுகமான வழி. வசதி படைத்தவர்கள் கூரை வேய்ந்த சொந்த வள்ளம் வைத்திருந்தனர். மற்றவர்கள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டனர். வள்ளக்கடவில் ஏறி, பாயை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் மணல்திட்டுக்கு அப்பால் அலையோசை. கடினங்குளம் தாண்டி அஞ்சுதெங்குக் காயல் வரை கவலையில்லை. அதற்கப்புறம்தான் வம்பு. வர்க்கலையில் செம்மண் குன்று கடல் வரை வந்து குறுக்கே நிற்கிறது. மூட்டை முடிச்சுகளை இறக்கி, குன்றைக் கடந்து, மறுபுறம் வேறு வள்ளம் பிடித்தாக வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் அரசரின் படகும் ஓடாது அல்லவா!

மாதவராவ் சென்னையில் பவல் துரையிடம் படித்தவர், கணிதத்தில் புலி. 1849-ல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராக வந்தார். ஆயில்யம் திருநாளும் விசாகம் திருநாளும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். பிறகு வருவாய்த் துறைக்கு மாறி, தெற்குப் பகுதியின் பேஷ்காராகி, 1858-ல் திவானானார்.

பதவியேற்றபோது கஜானா காலி, கடன் வேறு. அத்துடன் தென்பகுதியில் தோள்சீலைக் கலவரம் மூண்டது. சாணார் குலப் பெண்கள் மேலாடை அணியலாம் என்று 1859-ல் பிரகடனம் வந்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்று அதிலேயே ஒரு முடிச்சு இருந்தது. அரை நியாயம்தான் அது. திவானின் புகழைப் பாடுகிறவர்கள் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1860-ல் மாணவர் ஆயில்யம் திருநாள் மகாராஜாவானார். புகையிலை ஏகபோகம் ஒழிந்தது. 1865-ல் பண்டாரப்பாட்டப் பிரகடனம் அரசு நிலத்தை உழுதவர்களுக்கு உரிமை தந்தது. பார்ட்டன் என்ற தலைமை என்ஜினீயர் செக்ரடேரியட்டைக் கட்டினார்; இன்றும் பார்ட்டன் ஹில் என்ற பெயர் இருக்கிறது.

நீர்வழியையும் திவான் விடவில்லை. தெற்கே கன்னியாகுமரி வரை போகவேண்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் 1860-ல் தொடங்கியது. அது பாதியில் நின்றது. வடக்கே வர்க்கலைக் குன்றைக் குடைந்து படகு போகச் சுரங்கம் அமைக்கும் வேலையும் அவர் காலத்திலேயே ஆரம்பமாயிற்று. பெரியப்பாவோ சித்தப்பாவோ வெட்டிய வாய்க்காலுக்கு வழி திறந்துவிடப் பிள்ளை மலையைக் குடைந்தார் என்று சொன்னால் தவறில்லை.

ஆனால் வேலை முடியும் வரை அவர் இங்கே இருக்கவில்லை. குருவுக்கும் சிஷ்யருக்கும் மனக்கசப்பு வளர்ந்தது. 1872-ல் பதவியை விட்டு விலகினார். இந்தூர் அழைத்தது, 1875-ல் பரோடா அழைத்தது. அங்கே சிறுவரான சயாஜிராவுக்காக அரசாங்கத்தை ஒழுங்குபடுத்தி, 1882 வரை திவானாக இருந்தார். 1887-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது வரவேற்புக் குழுத் தலைவர் அவரே. 1891 ஏப்ரல் 4-ந் தேதி மயிலாப்பூரில் காலமானார்.

வர்க்கலையின் முதல் சுரங்கம் 1877-ல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 720 மீட்டர் நீளமுள்ள பெரிய சுரங்கம் 1880 வாக்கில் முடிந்தது. அதன்பின் வள்ளத்தில் தூங்கியவர் வர்க்கலையில் எழுந்திருக்க வேண்டியதில்லை. விளக்கொளியில் குன்றின் வயிற்றுக்குள்ளேயே போய்விடலாம். நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1918-ல் கொல்லத்திலிருந்து ரயில் சாக்கை வரை வந்துவிட்டது. வள்ளக்கடவுக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன். படகு வாடகை பேசிக்கொண்டிருந்தவர்கள் டிக்கெட் வாங்கப் போய்விட்டார்கள்.