ராஜ்யத்தை இழந்தார்; மனத்தை இழக்கவில்லை!

போடி, சிலமலைப் பக்கத்துத் திண்ணையானாலும் சரி, மைசூர் அரண்மனையானாலும் சரி. ஆட்டக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்தவனுக்குக் கொஞ்ச நேரம் வேறு கவலை கிடையாது. இதை நன்றாக அறிந்திருந்தார் ஒரு மகாராஜா. அவர் பெயர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜர் இவர்தான்.

நாலு வயதில் முடி

1799-ம் ஆண்டு மே மாதம் திப்பு சுல்தான் போரில் மாண்டார். வெள்ளையர்கள் பழைய உடையார் குலத்தைத் தேடிப் பிடித்து, இந்தச் சிறுவனைச் சிம்மாசனத்தில் அமர்த்தினார்கள். அப்போது அவருக்கு ஐந்து வயது கூட நிரம்பவில்லை. திவான் பூர்ணையா அவருக்காக ஆட்சி நடத்தினார். பருவம் வந்ததும் மகாராஜா தாமே ஆளத் தொடங்கினார்.

1830-ல் நகர் சீமையில் குடிகள் கலகம் செய்தார்கள். அதையே காரணம் காட்டி, 1831-ல் வெள்ளையர்கள் ஆட்சியைப் பறித்துக்கொண்டார்கள். பட்டம் இருந்தது. அரண்மனை இருந்தது. செலவுக்குப் பணமும் வந்தது. அதிகாரம் மட்டும் இல்லை! அப்போது அவருக்கு வயது 37.

செய்ய வேலை இல்லாமல், பட்ட அவமானத்தை மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்த மனிதனும் இடிந்து போவான். மகாராஜா இடிந்து போகவில்லை.

கட்டங்களே துணை

அவர் புலவர்களையும் சித்திரக்காரர்களையும் ஆதரித்தார். ஸ்ரீதத்துவநிதி என்ற பெரிய சித்திர நூல் அவர் பெயரால் உருவாயிற்று. அதன் ஒன்பதாம் பகுதியான கௌதுகநிதி, விளையாட்டுகளுக்கும் இடம் தந்தது.

சீட்டாட்டத்தில் புதுப்புது வகைகளைக் கற்பித்தார். சதுரங்கக் குதிரையை வைத்துக் கடினமான புதிர்களும் அமைத்தார். பலகையில் 64 கட்டங்கள். குதிரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு முறை கால் வைத்து, எல்லாவற்றையும் சுற்றி வர வேண்டும். போகிற வரிசைப்படி கட்டங்களில் 1 முதல் 64 வரை எண் போட வேண்டும். அப்படிப் போட்ட எண்களைக் குறுக்கே கூட்டினாலும், நெடுக்கே கூட்டினாலும் 260 வர வேண்டும்! இப்படிப்பட்ட கணக்கில் இறங்கியவனுக்குப் பழைய புண்ணைக் கிளற நேரம் ஏது?

1861-ல் அவர் கட்டிய ஜகன்மோகன் அரண்மனையின் சுவர்களிலும் விளையாட்டுக் கட்டங்கள் சித்திரமாயின.

காத்திருந்த பலன்

விளையாட்டில் மூழ்கினாலும் அவர் கடமையை மறக்கவில்லை. ராஜ்யத்தைத் திருப்பித் தரும்படி வெள்ளையர்களுக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பம் அனுப்பினார். வாரிசு இல்லாத சமஸ்தானங்களை வெள்ளையர்கள் விழுங்கிய காலம் அது. ஜான்சியும் நாகபுரியும் 1854-ல் அப்படித்தான் பறிபோயின. மைசூருக்கும் அந்தக் கதி வரலாம் என்ற அச்சம் இருந்தது.

1865-ல் மகாராஜா ஒரு குழந்தையைச் சுவீகாரம் செய்துகொண்டார். வெள்ளையர்கள் முதலில் மறுத்தார்கள். 1867-ல் இணங்கினார்கள். அடுத்த ஆண்டு, 1868 மார்ச் 27-ந் தேதி, மகாராஜா காலமானார். 1881-ல் அந்தச் சுவீகாரப் பிள்ளை சாமராஜேந்திர உடையாரிடம் ராஜ்யம் திரும்பி வந்தது.

36 ஆண்டுகளுக்கு மேல் அதிகாரம் இல்லாமல் வாழ்ந்தார் மகாராஜா. விளையாட்டு அவருக்கு ராஜ்யத்தை மீட்டுத் தரவில்லை. ஆனால் பொழுதைக் கசப்பிலே கழிக்காமல், நம்பிக்கையோடு காத்திருக்க அது துணை நின்றது. கவலை வந்தவர் வேலையையும் விடக் கூடாது. விளையாட்டையும் விடக் கூடாது.