விளையாட்டு இரயில் தந்த வித்தகர்

நம் பகுதியில் பனி பெய்வதில்லை. வெயிலும் மழையும் மாறி மாறி வருவதையே நாம் கண்டு பழகியிருக்கிறோம். இங்கிலாந்து நாட்டிலோ டிசம்பர் மாதம் வந்துவிட்டால் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருள் சூழ்ந்துவிடும். குளிர் வாட்டும், வெளியே ஓடியாட இயலாது. முன்னாளில் கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது அந்நாட்டுச் சிறுவர்கள் கூடத்துத் தரையில் தகரத் தண்டவாளங்களை வட்டமாகப் பூட்டி, சாவி முறுக்கிய குட்டி இரயில் ஒன்றை ஓடவிட்டு மகிழ்வார்கள். பல வீடுகளில் அந்த இரயிலின் பெயர் ஹார்ன்பி என்பதாகும். அப்பெயருக்கு உரியவரான பிராங்க் ஹார்ன்பி என்பாரின் வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

பிராங்க் ஹார்ன்பி 1863ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் லிவர்ப்பூல் நகரில் பிறந்தார். தந்தையார் உணவுப் பொருள் வணிகர். பிராங்க் படிப்பில் சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. 16ஆம் வயதில் பள்ளியை விட்டு நீங்கித் தந்தையாரின் கடையிலேயே காசாளராக அமர்ந்தார். ஆயினும், விடாமுயற்சியால் புதுப் பொறிகளைக் கண்டறிந்தோரின் வரலாறுகளைப் படிப்பதில் அவருக்குத் தீராத ஆர்வம் இருந்தது. தாமும் ஒரு பொறியைப் படைக்க வேண்டும் என்று எண்ணினார். எரிபொருள் இன்றி ஓயாது இயங்கும் இயந்திரம் ஒன்றைச் செய்ய முனைந்தார். அது நடவாத செயல். நீர்மூழ்கிக் கலம் ஒன்றைச் செய்து பார்த்தார், அதுவும் கைகூடவில்லை.

1887இல் கிளாரா என்னும் ஆசிரியையை மணந்தார். 1899இல் தந்தையார் மறைந்தார், கடையும் மூடப்பட்டது. குடும்பத்தைக் காக்க, இறைச்சி இறக்குமதி செய்யும் எலியட் என்பவரின் நிறுவனத்தில் ஹார்ன்பி கணக்கராகச் சேர்ந்தார். பகலெல்லாம் பேரேடு எழுதுவார். மாலையில் வீடு திரும்பியதும் தம் மைந்தர்களான ரோலண்டு, டக்லஸ் ஆகிய இருவருக்கும் தகட்டை வெட்டிப் பாலம், பாரந்தூக்கி முதலிய விளையாட்டுப் பொருள்களைச் செய்து தருவார். ஒரு பாரந்தூக்கிக்கென வெட்டிய துண்டு அதற்கு மட்டுமே பயன்பட்டது. மறுநாள் பிள்ளைகள் வேறொன்றைக் கேட்டால் மீண்டும் முதலிலிருந்து வெட்ட வேண்டும்.

இக்குறைக்கு வழி பிறந்த இடம் ஓர் இரயில் வண்டி! கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பனி சூழ்ந்த வேளையில், அவர் நெடுந்தொலைவு இரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தார். பிள்ளைகளின் பாரந்தூக்கிக்குச் சிறு உறுப்புகள் கிடைக்காத கவலை மனத்தை உறுத்தியது. ஒவ்வொரு தகட்டுப் பட்டையிலும் ஒரே அளவான துளைகளை ஒரே இடைவெளியில் இட்டுவிட்டால், எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் திருகாணியால் பிணைக்கலாமே என்ற எண்ணம் அப்பயணத்தில் உதித்ததாக அவரே பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார். பட்டையின் அகலம் அரை அங்குலம். துளைக்குத் துளை அரை அங்குலம். திருகாணி நுழையும் அதே துளை சக்கரத்தின் அச்சையும் தாங்கும். இன்று பாலமாய் நின்றதை நாளை பிரித்து வண்டியாக்கலாம். எளிய எண்ணம்தான், ஆனால் அதற்கு முன் அவருடைய வேலைகள் எத்தனை வீணாயின என்பதையும் நாம் மறத்தலாகாது.

காப்புரிமை பெறப் பணம் வேண்டுமே! கணக்கரிடம் அது ஏது? முதலாளி எலியட்டிடம் 5 பவுன் கடன் பெற்று, 1901ஆம் ஆண்டு சனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னர் எலியட் தம் அலுவலகத்தை ஒட்டிய வெற்றிடத்தைத் தந்து பங்காளியும் ஆனார். முதற்பெட்டியில் 16 வகை உறுப்புகளே இருந்தன. அவற்றைக் கொண்டு 12 மாதிரிகள் செய்யலாம். வெளித் தோற்றத்தில் அழகில்லாத அத்தகடுகளை வாங்கக் கடைக்காரர் தயங்கினர். லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஹீல்ஷா என்பவர் அதன் பயனை உணர்ந்து நற்சான்று மடல் வழங்கினார். 1903இல் 1,500 பெட்டிகள் விற்றும் ஆதாயம் இல்லை. 1906இல்தான் முதன்முறையாகச் சிறிது இலாபம் கிட்டியது. மறு ஆண்டு, 44 வயதில், மாதந்தவறாமல் சம்பளம் தந்த வேலையை உதறிவிட்டுத் தம் தொழிலில் இறங்கினார். மனைவி மக்களை உடையவர் எடுத்த அம்முடிவு அச்சமூட்டும் முடிவே என்பது நம் கருத்து. அவ்வாண்டே அத்தகடுகளுக்கு மெக்கானோ என்று பெயரிட்டார். 1914இல் லிவர்ப்பூலின் பின்ஸ் சாலையில் பெரியதொரு தொழிற்சாலை எழுந்தது. 1916 முதல் சிறுவர்களுக்கென ஓர் இதழும் வெளிவந்தது.

அக்காலத்தில் விளையாட்டு இரயில் என்றாலே செருமனி நாட்டுச் சரக்குத்தான். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் அவ்வரத்து நின்றது. போர் முடிந்தபின், 1920இல் ஹார்ன்பி தம் இரயிலை வெளியிட்டார். மெக்கானோவைப் போலவே அதனையும் திருகாணிகளைக் கழற்றிப் பிரித்து மீண்டும் பூட்டலாம். இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 32 மில்லிமீட்டர். உள்ளிருக்கும் சுருள்வில்லைச் சாவியால் முறுக்கினால், அது மெல்ல விரிந்து பல்சக்கரங்களைச் சுழற்றும். வில் தளர்ந்ததும் வண்டி நின்றுவிடும்.

வீட்டில் அதனை அமைப்பதும் ஒரு கலையே. தரை மேடுபள்ளம் இன்றி இருத்தல் வேண்டும். தண்டவாளத் துண்டின் முனையிலுள்ள கம்பியை அடுத்த துண்டினுள் நன்கு செலுத்த வேண்டும். இடைவெளி விழுந்தால் சக்கரம் தடம் புரளும். முழுதும் முறுக்கிய பொறி தொடக்கத்தில் மிக விரைந்து ஓடும். பெட்டிகளின்றித் தனியே விட்டால் வளைவில் கவிழ்ந்துவிடும். புத்தகங்களை அடுக்கிப் பழுப்புத்தாள் போர்த்தினால் மலைக்குகை ஆகும். பஞ்சைப் பரப்பினால் பனி! ஆனால் பஞ்சு தண்டவாளத்தை நெருங்கலாகாது. அதன் இழை அச்சில் சுற்றிக்கொண்டால் வண்டி முனகி நின்றுவிடும். விருந்தினர் வந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும் என்பதுதான் சிறுவர்க்குத் துன்பம்.

1925இல் மின்சார இரயிலும் வந்தது. அதில் ஒருவகை, வீட்டு மின்சாரத்தை ஒரு விளக்கின் வழியே செலுத்தித் தண்டவாளத்திற்கே கொண்டுவந்தது. சிறுவர் கை படும் இடத்தில் அத்தகைய மின்சாரமா என்று நாம் திடுக்கிடுகிறோம். அத்தனை கவனமுடைய மனிதர் இதில் கவனம் தவறினார் என்றே கூற வேண்டும். அம்முறை நீடிக்கவில்லை, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவியோடு கூடிய இரயில்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

அழகிய பெரிய இரயில்கள் எளியோர்க்கு எட்டாத விலையில் இருந்தன. கடைக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்று பார்த்தவர் பலர். 1926இல் விலை குறைந்த சிறிய இரயில் வரிசையையும் நிறுவனம் வெளியிட்டது. 1931இல் எவர்ட்டன் தொகுதி மக்கள் ஹார்ன்பியைத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். 1935 வரை அப்பொறுப்பை வகித்தார். டிங்கி என்னும் சிறு உலோகக் கார்களும் 1934 முதல் அப்பெயரில் அவருடைய தொழிற்சாலையிலிருந்தே வந்தன. 5 பவுன் கடன் வாங்கியவர் பெருஞ்செல்வராகி, இருதய நோயாலும் நீரிழிவாலும் நலிந்து, 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் காலமானார்.

தரை முழுவதையும் அடைத்துக்கொள்ளாத ஓர் இரயிலைக் காண அவர் உயிரோடில்லை. மூத்த மகன் ரோலண்டின் தலைமையில் 1938இல் ஹார்ன்பி டப்ளோ வெளிவந்தது. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், பழையதில் ஏறத்தாழப் பாதி. சாப்பாட்டு மேசையின்மீதே நிலையமும் குகையும் வளைவும் அடங்கின. பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. ஹார்ன்பி என்னும் பெயரோ வேறு கைகளுக்கு மாறி இன்றும் வாழ்கிறது. அந்த 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் கிறிஸ்துமஸ் இரயில் ஒன்றும் அப்பெயரிலேயே விற்பனைக்கு வந்துள்ளது.