கடைக்காரர் லிப்டன்

மருதானையிலிருந்து தெற்கே சிறிது தூரம் சென்றால் லிப்டன் சுற்றுவட்டம் வரும். டி சொய்சா சுற்றுவட்டம் என்பதே அதற்குரிய முறையான பெயர். ஆயினும் மக்கள் வாயில் வழங்குவது லிப்டன் என்னும் பெயரே. தேயிலைப் பக்கற்றிலும் அப்பெயரையே காண்கிறோம். அப்பெயருக்குரியவரை ஒரு தோட்டத்துத் துரை என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மையில் அவர் ஒரு பலசரக்குக் கடைக்காரர். கடை வைத்தே உயர்ந்தார். அவர் வைத்த கடைகள் இன்று இல்லை. கொழும்பிலே கடைகளிற் பணிபுரிந்து முன்னேற விழையும் நம் இளைஞர் அவருடைய வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. அவருடைய செல்வத்துக்கு உழைத்தோருள் நம் மூதாதையரும் இருந்தமையால், அவ்வரலாறு நமக்கு அயலானதும் அன்று.

இளமை

தோமஸ் ஜோன்ஸ்டன் லிப்டன் 1848ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி ஸ்கொட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிலே, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கோர்பல்ஸ் பகுதியிற் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தினர். உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்ததனால் அயர்லாந்து மக்கள் பட்டினியால் மடிந்தும், கடல் கடந்து போயும் சிதறிய காலம் அது. லிப்டனின் பெற்றோர் கிளாஸ்கோவில் ஒரு சிறு கடை வைத்து, பட்டரும் முட்டையும் உப்பிட்ட இறைச்சியும் விற்றுப் பிழைத்தனர்.

வறுமை காரணமாக அவருடைய பள்ளிப் படிப்பு விரைவில் நின்றது. எடுபிடி வேலை செய்தார். பின்னர் கப்பலிற் சிற்றாளாக அமர்ந்தார். 17 வயதளவில் அமெரிக்கா சென்று, வேர்ஜினியாவிற் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல் வயலிலும் கூலிக்கு உழைத்தார். இறுதியில் நியூ யோர்க் நகரத்துப் பெரிய கடையொன்றிற் பலசரக்குப் பகுதியில் வேலை கிடைத்தது. பொருளைக் கண்கவர அடுக்குதல், வாங்க வருபவரை இன்முகத்தோடு வரவேற்றல், விலையை விளம்பரப்படுத்தல் ஆகிய கலைகளை அவர் கற்றது அங்கேதான். சில ஆண்டுகளிற் கையிற் சிறிது பணத்தோடு தாயகம் மீண்டார்.

ஏற்றம்

1871ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகர் ஸ்டொப்குறொஸ் வீதியில் தமது முதற் கடையைத் திறந்தார். அவருடைய வியாபார முறை எளியது. தரகரை விலக்கி, அயர்லாந்துக் குடியானவரிடமே நேரிற் கொள்முதல் செய்தார். கடன் கொடுத்தலைத் தவிர்த்துக் கைக்காசுக்கே விற்றார். இலாபத்தைச் சிறிதாக வைத்து விற்பனையைப் பெரிதாக்கினார். அக்காலத்து ஏழைகளின் கடைகள் இருண்டும் அழுக்கடைந்தும் கிடந்தன. லிப்டன் கடையோ விளக்கொளியிற் பளிச்சிட்டது.

விளம்பரத்தில் அவருக்கு நிகர் அவரே. கொழுத்த பன்றிகளைத் தெருவிலே ஊர்வலமாக நடத்திக் கடைக்குக் கூட்டம் சேர்த்தார். 1881ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே மிகப் பெரிய பாலாடைக் கட்டியொன்றை அமெரிக்காவிலிருந்து தருவித்து, அதனுள்ளே தங்க நாணயங்களைப் புதைத்து, துண்டு துண்டாக வெட்டி விற்றார். சனங்கள் முண்டியடித்து வாங்கினர். ஒரு கடை பலவாயிற்று. 1888ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 300 கடைகள் அவர் பெயரில் விளங்கின.

இலங்கை வருகை

அக்காலத்திலே பிரித்தானியாவில் நல்ல தேயிலை றாத்தல் சுமார் 3 சிலிங் விலை போயிற்று. ஏழை மக்களுக்கு அது எட்டாத பொருள். பட்டரை நேரில் வாங்கியது போலத் தேயிலையையும் விளையும் இடத்திலேயே பெற்றால் விலை குறையும் என்று லிப்டன் கண்டார்.

அப்பொழுது இலங்கையின் நிலை அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. 1869ஆம் ஆண்டு முதல் கோப்பிப் பயிரை இலைநோய் தாக்கி, தோட்டக்காரர் பலரை ஓட்டாண்டியாக்கியிருந்தது. ஜேம்ஸ் ரெய்லர் 1867இல் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் நாட்டிய தேயிலையே மலைநாட்டின் புதிய நம்பிக்கையாயிற்று. 1890இல் இங்கு வந்த லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை மலிவாக வாங்கி, தம்பேதன்னவில் ஆலையும் நிறுவினார். தோட்டமும் அவரது, கடையும் அவரது. ஆகவே இடையில் நின்று இலாபம் எடுப்பாரில்லை. றாத்தல் 1 சிலிங் 7 பென்சுக்கு அவரால் விற்க முடிந்தது. அளவிட்டுக் கட்டிய பக்கற்றுகளிலே, அந்தந்த ஊர்த் தண்ணீருக்கேற்பக் கலந்த தேயிலையை விற்றார். 1893இல் புகையிரதம் அப்புத்தளையை எட்டியது. மலையிலிருந்து பெட்டி பெட்டியாகத் தேயிலை கொழும்புக்கு இறங்கியது.

கொழுந்தெடுத்த கைகள்

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். விலை குறைந்தது நேர்க் கொள்முதலால் மட்டுமன்று. மலையிலே கூலியும் குறைவாயிருந்தது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சி வந்த தமிழ் மக்களே மலைநாட்டுத் தோட்டங்களிற் கொழுந்து பறித்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தோர் பலர். தூத்துக்குடியிற் கப்பலேறி வந்தோரும் உளர். கங்காணி கொடுத்த முன்பணம் தோட்டம் சேருமுன்பே கடனாயிற்று. துண்டு எனப்பட்ட சீட்டிலே அக்கடன் எழுதப்பட்டு, தொழிலாளியைத் தொடர்ந்து வந்தது. அத்துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது.

லிப்டன் தேயிலை விளம்பரங்களிலே கொழுந்துக் கூடையோடு நிற்கும் ஒரு பெண்ணின் படம் இருந்தது. அதைக் கண்டவர் எத்தனையோ இலட்சம் பேர். விற்றவர் பெயர் படத்தோடு அச்சாயிற்று. பறித்தவள் பெயர் அச்சாகவில்லை.

புகழும் தேய்வும்

1897இல் விக்டோரியா மகாராணியாரின் வைர விழாவின்போது ஏழைகளுக்கு விருந்தளிக்கும் நிதிக்கு லிப்டன் 25,000 பவுண் வழங்கினார். மறு ஆண்டு சேர் பட்டம் கிடைத்தது. அதே 1898இல் தமது வியாபாரத்தைப் பங்குக் கொம்பனியாக்கினார். பங்கு வாங்க மக்கள் போட்டியிட்டனர். அரச குடும்பத்தின் நட்பும் வாய்த்தது. பாய்க்கப்பற் போட்டியில் அமெரிக்காவிடமிருந்த கிண்ணத்தை வெல்ல 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து முறை முயன்று ஐந்து முறையும் தோற்றார். தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்றமையால், அமெரிக்க மக்கள் தாமே பணம் திரட்டி அவருக்கு ஒரு பொற்கிண்ணம் பரிசளித்தனர்.

கடலிலே புகழ் வளர, கரையிலே கடை தேயலாயிற்று. அவருடைய முறையைக் கற்ற ஏனைய வியாபாரிகளும் ஊர்தோறும் கிளைகள் திறந்து அதே விலைக்கு விற்றனர். 1914இல் இராணுவச் சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தங்களுக்காகக் கைக்கூலி கொடுத்த வழக்கிலே கொம்பனி ஊழியர் சிலர் தண்டனை பெற்றனர். நேர்மையான கடை என்ற பெயருக்கு அது மாசாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் இலாபம் குன்றியது. 1927இல் லிப்டன் தமது பங்குகளை விற்றுத் தலைமையினின்றும் விலகினார். பின்னர் அக்கடைகள் வேறு பெருங்கடைகளோடு ஒன்றாக்கப்பட்டன. 1980களில் எஞ்சியிருந்த லிப்டன் பெயர்ப் பலகைகளும் இறக்கப்பட்டு வேறு பெயர்கள் ஏறின. தேயிலையில் மாத்திரம் பெயர் தங்கிற்று. அதுவும் கைமாறிக் கைமாறி, 2022இல் யுனிலீவர் கொம்பனியிடமிருந்து ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குச் சென்றது.

இத்தேய்வுக்கு மூலகாரணம் யாது? தொடக்கத்தில் எல்லாவற்றையும் தாமே பார்த்தார், அதனால் வென்றார். ஆனால் தமக்குப் பின் அவ்வாறு பார்க்க வல்ல ஒருவரை அவர் ஆயத்தம் செய்யவில்லை என்றே நாம் கருதுகிறோம். தனியொருவரின் கண்ணும் காலும் தாங்கி நின்ற கடை, அக்கண் வேறிடம் நோக்கிய அன்றே தளரத் தொடங்கிற்று. கடையாயினும் சங்கமாயினும் இது பொருந்தும். மூத்தோர் இதனைச் சிந்திப்பாராக.

முடிவு

லிப்டன் மணம் செய்யவில்லை. 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆம் திகதி இலண்டனில் உயிர் நீத்தார். செல்வத்தின் பெரும்பகுதியைப் பிறந்த நகராகிய கிளாஸ்கோவின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எழுதிவைத்தார். கோர்பல்ஸ் பகுதியிலே பெற்றோரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். பிறந்த மண்ணை மறவாத அந்த நன்றியை நாம் போற்றுகிறோம்.

ஆனால் தேயிலை விளைந்த மண்ணிலோ, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. நாடற்றவராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. தோட்டங்களோ 1975இல் அரசுடைமையாகி, 1992 முதல் தனியார் நிர்வாகத்துக்கு மாறின. தம்பேதன்னவுக்கு மேலேயுள்ள குன்றில் லிப்டன் அமர்ந்து பார்த்தார் எனப்படும் இடத்தை இன்று உல்லாசப் பயணிகள் தேடிச் செல்கின்றனர். வழியெங்கும் கொழுந்து பறிப்போரைப் படம் பிடிக்கின்றனர். பெயர் கேட்போர் சிலரே.

அப்பெயர்களை அறிந்தவர் நம் வீடுகளிலேயே உளர். மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து வாழும் நம் அங்கத்தவர் ஒவ்வொருவரும், தம் பாட்டன் பாட்டியின் பெயர், அவர்கள் விட்டு வந்த ஊர், வேலை செய்த தோட்டம், அழைத்து வந்த கங்காணி ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். கடைக்காரர் லிப்டனின் வரலாற்றை எழுதப் பலர் இருந்தனர். கொழுந்தெடுத்தவர் வரலாற்றை நாமே எழுதினாலன்றி வேறெவரும் எழுதப் போவதில்லை.