டால்ஸ்டாய் பண்ணை எனும் தவச்சாலை

ஜோகன்னஸ்பர்க் நகரில் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி நல்ல வருவாயுள்ள வழக்கறிஞராக விளங்கினார். அந்த வசதிகளிலிருந்து அவர் படிப்படியாக விலகினார். 1904-ஆம் ஆண்டில் ரயில் பயணத்தின்போது படித்த ரஸ்கினின் நூலொன்று அவரது உள்ளத்தை மாற்றியது. அதே ஆண்டில் டர்பனை அடுத்த பீனிக்ஸில், பாம்புகள் மலிந்த புதர்நிலத்தில் நூறு ஏக்கர் வாங்கிக் குடியிருப்பு அமைத்தார்.

1910-இல் பெரிய சோதனை வந்தது. டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் தர வேண்டியிருந்தது, நிதியோ வற்றிக்கொண்டிருந்தது. போராட்டம் அணைந்துவிடும் நிலை. அப்போது கட்டடக் கலைஞரான நண்பர் ஹெர்மன் காலன்பாக், லாலி ரயில் நிலையத்தருகே தமக்குரிய 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றித் தந்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை.

ஆரஞ்சும் பிளம்ஸுமாக ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் அங்கே இருந்தன. வீடு ஒன்றே ஒன்று. வந்தவர்கள் முதலில் கூடாரங்களில் தங்கி, தகரக் கட்டடங்களைத் தாமே எழுப்பினர். வேலையாட்கள் இல்லை. சமையல், துப்புரவு, தச்சு, உழவு யாவும் அவரவர் கடமை. கோதுமையைக் கையால் அரைத்து ரொட்டி சுட்டனர். துறவியர் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்த காலன்பாக்கிடம் காந்தியும் அத்தொழிலைப் பயின்றார். மலத்தைக் குழியிலிட்டு மண்ணால் மூடினர்; எங்கும் அசுத்தம் தங்கவில்லை. சொந்த வேலையாக நகருக்குச் செல்வோர் இருபது மைலுக்கு மேல் நடந்தே செல்ல வேண்டும். விடியுமுன் புறப்பட்டு, கையில் உணவு கட்டிக்கொண்டு நடந்தனர். ஒரே நாளில் ஐம்பது மைல் நடந்த அனுபவமும் காந்திக்கு உண்டு.

தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் அனைவரும் ஒரே சமையலறையில் உண்டனர். புலால் உணவை அனைவரும் மனமுவந்து விட்டனர். ரமலான் நோன்பு நோற்ற முஸ்லிம் சிறுவர்களுக்குத் துணையாகப் பிற சிறுவர்களும் பகலில் உண்ணாதிருந்தனர்.

ஆப்பிரிக்காவிலேயே பிறந்த தமிழ்ச் சிறுவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப்பின் பாடநூலைக் கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழை வைத்தே காந்தி அவர்களுக்கு எழுத்தும் இலக்கணமும் கற்பித்தார். ஆங்கிலம் அறியாத தமிழர் வந்தால், அந்த மாணவர்களே அவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள் ஆயினர். குருவும் சீடரும் ஒருவருக்கொருவர் துணை நின்றனர்.

மெதுவாக நகர்ந்த அந்த நாட்கள் சோம்பலாகக் கழியவில்லை. அவை மன உறுதியை வளர்த்தன. 1913-இல் பண்ணை கலைந்தது. அவ்வாண்டு நவம்பரில் சுரங்கத் தொழிலாளர் இரண்டாயிரம் பேருக்கு மேல் அவருடன் டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தனர். அவர்களில் தமிழர் பலர். பண்ணை இல்லாதிருந்தால் எட்டாண்டுப் போராட்டம் நீடித்திருக்குமா என்பதே ஐயம் எனக் காந்தி பின்னாளில் கருதினார்.

அங்கே தொடங்கிய சமத்துவ சாதனை நம் மண்ணிலும் தொடர்ந்தது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், இந்துக்கள் அனைவருக்கும் ஆலயங்களைத் திறந்துவிடும் பிரகடனம் வெளியிட்டார். 1937 ஜனவரியில் காந்தி திருவனந்தபுரம் வந்தார். பழவங்காடி கணபதி கோயிலுக்கு அண்மையில் உள்ள பத்மநாப சுவாமி ஆலயத்தில், அதுவரை வாசலிலேயே தடுக்கப்பட்டிருந்த மக்களுக்குக் கதவு திறந்த பின்னரே அவரும் தரிசனம் செய்தார். பண்ணையின் ஒரே சமையலறையில் பழகிய சமபாவம், இங்கே சந்நிதியில் நிறைவு கண்டது.