மறைகடிதம் படித்த அல்கிந்தி

பாதுகாப்பாக அனுப்பப்படும் மின்னஞ்சல் வந்ததும் கணினி இரண்டு வேலைகளைச் செய்கிறது. பூட்டிய செய்தியைத் திறக்கிறது. அனுப்பியவர் இவர்தானா, வழியில் எதுவும் மாற்றப்பட்டதா என்று டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அப்பாஸியர் காலத்து அறிஞர் அபூ யூசுஃப் யஃகூப் அல்கிந்தியின் வாழ்வில் இவ்விரண்டையும் நாம் காண்கிறோம். மத்ரஸாவில் மன்திக் ஓதிய நாம் அவர் பெயரைக் கல்லூரிக்குப் போன பிறகே கேட்டோம் என்பது வருத்தமே.

கி.பி. 801 வாக்கில் பிறந்தவர். தந்தை கூஃபாவின் ஆளுநர். கலீஃபா மஃமூனின் ஆதரவில் பக்தாதில் கிரேக்க நூல்களின் மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டார். கலீஃபா முஃதஸிம் தம் மகனுக்கு அவரையே ஆசிரியராக்கினார்.

ஒவ்வோர் எழுத்துக்கும் வேறொரு குறியை வைத்து எழுதிய கடிதத்தை எப்படிப் படிப்பது? இதற்கென அவர் ஒரு ரிஸாலா எழுதினார். அதே மொழியில் நீண்ட உரை ஒன்றை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். அரபியில் அலிஃபும் லாமும் முந்தும். குர்ஆன் ஓதுபவருக்கு இது புதிதல்ல. பிறகு கடிதத்தில் அதிகம் வரும் குறியை அதிகம் வரும் எழுத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எழுத்தை மாற்றி வைக்கும் பூட்டு இதில் உடைந்துவிடும். இன்றைய மின்னஞ்சல் பூட்டுகள் கடினமான கணக்குகளை நம்பியிருப்பதால் இந்த எண்ணிக்கைக்கு மசிவதில்லை. இஸ்தான்புல் சுவடிகளிடையே கிடைத்த அந்த ரிஸாலா 1987-இல் டமாஸ்கஸில் அச்சானது.

கலீஃபா முதவக்கில் காலத்தில் சோதனை வந்தது. பனூ மூஸா சகோதரர்கள் கோள் மூட்ட, அல்கிந்தி அடிக்கப்பட்டார். அவருடைய நூலகம் முழுவதையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் பேரறிஞர்களே! இப்னு அபீ உஸைபிஆ இதைப் பதிவு செய்திருக்கிறார். பின்னர் அவர்கள் பொறுப்பேற்ற கால்வாய் வேலை பிழையாகி, கலீஃபாவின் கோபத்துக்கு அஞ்சி, பொறியாளர் ஸனத் பின் அலீயிடம் ஓடினார்கள். ஸனதுக்கும் அல்கிந்திக்கும் பகைதான். ஆனாலும் நூல்களைத் திருப்பித் தராமல் உதவ முடியாது என்றார் ஸனத்.  முழுவதும் கிடைத்தது என்று அல்கிந்தியே தம் கைப்பட எழுதித்தர வேண்டும்.

நூல்கள் திரும்பிப் போயின. கடைசி நூல் வரை பெற்றுக்கொண்டதாக அல்கிந்தியின் கையெழுத்தில் சீட்டு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஸனத் கால்வாய்ப் பேச்சை எடுத்தார்.